நிதி குறைந்தால் சாம்பெய்ன் ரயில் என்ன ஆகும்?

இல்லினாய் மாநிலத்தில், சாம்பெய்னில் படிக்கும் நம் ஊர் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "வாஷிங்டனில் செலவைக் குறைக்கப் போகிறோம் என்கிறார்கள், ஆம்ட்ராக்கைத் தனியாருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். நான் சிகாகோவுக்குப் போய்வரும் ரயில் நின்றுவிடுமா? நஷ்டத்தில் ஓடும் தடங்களை நிறுத்திவிட்டு லாபம் வருவதை மட்டும் ஓட்டினால் என்ன தப்பு?"

ஆம்ட்ராக் என்பது அமெரிக்கா முழுவதும் ஊர்களுக்கு இடையே பயணிகள் ரயிலை ஓட்டும் நிறுவனம். உங்கள் ரயில் நாளைக்கே நின்றுவிடாது. நிதி வெட்டு என்றதும் ஒருநாள் காலையில் ஸ்டேஷனைப் பூட்டிவிடுவார்கள் என்றுதான் தோன்றும், ஆனால் ரயில் விஷயத்தில் அப்படி நடப்பது அரிது. முதலில் பழுது பார்ப்பது தள்ளிப்போகும், அப்புறம் பெட்டிகள் குறையும், அப்புறம் தினமும் ஓடுவது வாரம் மூன்று நாள் ஆகும், கூட்டம் குறையும், "பாருங்கள், ஆளே ஏறுவதில்லை" என்று அதையே காரணம் காட்டி அடுத்த வெட்டு வரும். நஷ்டத் தடத்தை நிறுத்தினால் அந்த நஷ்டம் அப்படியே மிச்சம் என்ற கணக்கு கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் அமெரிக்க ரயில் அனுபவத்தில் அது திரும்பத் திரும்பப் பொய்த்திருக்கிறது. மிச்சமானது நினைத்ததைவிடக் கொஞ்சம், இழந்ததைத் திரும்பக் கொண்டுவர ஆன செலவோ பல மடங்கு. அது ஏன் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

உங்கள் ஊர் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்வோம். சாம்பெய்ன் வழியாக சிகாகோவுக்கு ஒரு நாளில் மூன்று ரயில்கள் போகின்றன, அதே மாதிரி மூன்று திரும்பி வருகின்றன. இல்லினி, சலூகி இரண்டும் சிகாகோவுக்கும் கார்பண்டேலுக்கும் இடையே ஓடுபவை. மூன்றாவது சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை 900 மைலுக்கு மேல் போகிற இரவு ரயில். உங்களுக்கு மூன்றும் ஒன்றுதான், ஒரே ஆப்பில் டிக்கெட், ஒரே பிளாட்பாரம். ஆனால் பணம் வரும் பை வேறு. 2008-இல் போட்ட ஒரு சட்டத்தின்படி 750 மைலுக்குக் குறைவான தடங்களின் செலவை, டிக்கெட் வருமானம் போக மீதியை, அந்தந்த மாநிலங்கள்தான் ஏற்க வேண்டும். இது 2013 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆக இல்லினியும் சலூகியும் இல்லினாய் மாநில பட்ஜெட்டில் ஓடுகின்றன, இரவு ரயில் மத்திய அரசின் பணத்தில் ஓடுகிறது, மூன்றும் ஓடுகிற தண்டவாளமோ கனேடியன் நேஷனல் என்ற தனியார் சரக்கு ரயில் கம்பெனிக்குச் சொந்தம். அதனால் "அரசு நிதியைக் குறைத்தால்" என்று கேட்கும்போது எந்த அரசு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாஷிங்டனில் வெட்டினால் அடி ஒரு இடத்தில் விழும், இல்லினாயின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் வெட்டினால் இன்னொரு இடத்தில்.

இந்த அமைப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர் ரயில்வேயை மனதில் வைத்துப் பார்த்தால் இது புரியாது. இந்தியாவில் பயணிகள் ரயிலில் வரும் நஷ்டத்தைப் பெருமளவு சரக்கு ரயில் வருமானம் தாங்குகிறது, நிலக்கரியும் சிமென்ட்டும் ஏற்றிப்போகும் வண்டிதான் ஒரு வகையில் பாசஞ்சர் வண்டிக்கும் சேர்த்துக் கட்டணம் கொடுக்கிறது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் தனியார் கம்பெனிகள் இரண்டையும் சேர்த்தே நடத்தின. நெடுஞ்சாலையும் விமானமும் வந்த பிறகு பயணிகள் பக்கம் நஷ்டம் தாங்க முடியாமல் போனது, 1970 ஜூனில் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் கம்பெனியே திவால் ஆனது. அந்த வருட அக்டோபரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி பயணிகள் ரயிலை மட்டும் பிரித்து ஆம்ட்ராக் என்று ஒரு நிறுவனம் ஏற்படுத்தி, 1971 மே 1 முதல் ஓட்ட ஆரம்பித்தார்கள். நாட்டில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த ரயில்களில் பாதி போல அன்று ஒரே நாளில் நின்றுபோயின. லாபம் தரும் சரக்குப் பகுதி தனியார் கம்பெனிகளிடமே தங்கிவிட்டது. ஆக ஆம்ட்ராக் பிறந்ததே, நஷ்டத்தை ஈடுகட்ட வேறு வருமானம் எதுவும் இல்லாத நிலையில்தான். ஒவ்வொரு வருடமும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சபையின் வாசலில் போய் நிற்க வேண்டிய நிலைமை அன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

தொகை எவ்வளவு? 2024 நிதியாண்டில் வழக்கமான வருடாந்தர ஒதுக்கீடாக ஆம்ட்ராக்குக்குக் கிடைத்தது சுமார் 240 கோடி டாலர். அதோடு 2021-இல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் ஐந்து வருடத்துக்கு மொத்தம் 2,200 கோடி டாலர் தனியாகக் கொடுத்தது, வருடத்துக்குப் பிரித்தால் 440 கோடி. இரண்டையும் கூட்டினால்கூட அந்த வருட மத்திய அரசின் மொத்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த வருடம் 3 கோடியே 28 லட்சம் பயணங்கள் நடந்தன, அதுவரை அதுதான் உச்சம். சாலைகளுக்கு என்று தனியாக வைத்திருக்கும் நெடுஞ்சாலை நிதியில் பணம் போதாமல், 2008-லிருந்து பொதுக் கருவூலத்திலிருந்து 27,000 கோடி டாலருக்கு மேல் எடுத்து அதில் போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் வரி 1993-லிருந்து காலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது, அதனால்தான் அந்தப் பற்றாக்குறை. சாலைக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் "ரயில் தன் காலில் நிற்க வேண்டும்" என்று பேசும்போது சாலை எந்தக் காலில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், லாபத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்பது. லாபத் தடம் என்று எல்லோரும் கை காட்டுவது வாஷிங்டன் – நியூயார்க் – பாஸ்டன் இடையிலான வடகிழக்குத் தடத்தை, 457 மைல். அங்கே டிக்கெட் வருமானம் ஓட்டும் செலவைவிட அதிகமாக இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் தினசரி ஓட்டும் செலவு மட்டும்தான் இருக்கிறது. சுரங்கம், பாலம், மேலே போகும் மின்கம்பி, இவற்றைப் புதுப்பிக்கும் செலவு அதில் வராது. அந்தத் தடத்தில் பால்டிமோர் ஊருக்கு அடியில் போகிற சுரங்கம் 1873-இல் கட்டியது. நியூயார்க்குக்குத் தெற்கே வாஷிங்டன் வரையிலான மின்கம்பி அமைப்பில் பெரும்பகுதி 1930-களில் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி போட்டது. நியூஜெர்சியில் ஹாக்கன்சாக் ஆற்றின் மேல் போர்ட்டல் பாலம் என்று ஒன்று இருக்கிறது, 1910-இல் திறந்தது, படகு வரும்போது நடுப்பகுதி திரும்பி வழிவிடும். திரும்பிய பாலம் சில நேரம் மறுபடி சரியாகப் பொருந்தாமல் நின்றுவிடும், ஊழியர்கள் சம்மட்டி எடுத்து அடித்து அதை இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் இரண்டு பக்கமும் ரயில்கள் வரிசையாக நிற்கும். நாட்டிலேயே மிக நெரிசலான ரயில் பாதையில் நடப்பது இது. பக்கத்திலேயே புதிய பாலம் கட்டும் வேலை 2022-இல்தான் தொடங்கியது. இந்த மூலதனச் செலவை யார் கொடுப்பது என்று கேட்டால் பதில் அரசு என்பதுதான், தனியாகப் பிரித்து விற்றாலும் அதே பதில்தான்.

அடுத்தது பொதுச் செலவு, பலரும் கவனிக்காமல் விடுவது. ஒரு தடத்தின் நஷ்டம் இவ்வளவு என்று அறிக்கையில் போடும் தொகையில் அந்த ரயிலின் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் மட்டும் இல்லை. சிகாகோ யார்டு, பணிமனை, முன்பதிவு கம்ப்யூட்டர், ரயில்வே போலீஸ், தலைமையகம், எல்லாவற்றிலும் அதன் பங்கு என்று ஒரு துண்டு இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஒருவர் காலி செய்தால் வாடகை கால் பங்கு குறைந்துவிடாது, மீதி மூன்று பேர் தலையில் ஏறும், அதே கதைதான். சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸை நிறுத்தினால் சிகாகோ யார்டு சுருங்காது, அதன் பங்குச் செலவு இல்லினி, சலூகி, மற்ற ரயில்கள் மேல் போய் உட்காரும், இல்லினாய் மாநிலத்துக்கு அனுப்பும் பில் கூடும், அப்போது மாநிலத்தில் யாராவது "இந்த ரயிலுக்கு இவ்வளவா" என்று கேட்பார்கள். வாஷிங்டனில் வெட்டியதன் விளைவு இப்படிச் சுற்றி வந்து மாநில ரயிலைத் தொடுகிறது.

இது ஊகம் இல்லை. 1995-இல் பணம் இறுகியபோது ஆம்ட்ராக் பல தொலைதூர ரயில்களை வாரம் மூன்று, நான்கு நாள் என்று குறைத்தது. பாதி நாள் ஓட்டினால் பாதிச் செலவு என்பது நினைப்பு. அது அப்படி நடக்கவில்லை, ஏன் என்று கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். இரண்டு இரவு ஓடும் ரயிலில் ஓட்டுநரும் கண்டக்டரும் வழியில் பல இடங்களில் மாறுவார்கள். தினமும் ரயில் இருந்தால் இன்று ஒரு பக்கம் ஓட்டிப்போனவர் ஓய்வெடுத்து நாளை எதிர்ப்பக்க ரயிலில் வீடு திரும்புவார். வாரம் மூன்று நாள் என்றால் அவர் வெளியூரில் கூடுதலாக நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், ஹோட்டல் செலவும் காத்திருப்புச் சம்பளமும் கொடுக்க வேண்டும். ரயில் வராத நாளிலும் ஸ்டேஷனுக்கு வாடகை உண்டு. பெட்டிகள் யார்டில் சும்மா நின்றாலும் அவற்றுக்குப் பராமரிப்பு உண்டு. ஆனால் வருமானம் மட்டும் நாள் கணக்குக்கு மேலேயே குறையும், ஏனென்றால் வியாழக்கிழமை போய் ஞாயிறு திரும்ப நினைப்பவருக்கு இரண்டில் ஒரு நாள் ரயில் இல்லை என்றால் அவர் இரண்டு டிக்கெட்டும் வாங்க மாட்டார், இன்னொரு ரயிலுக்கு மாறிப் போக வேண்டியவர் அந்த டிக்கெட்டையும் வாங்க மாட்டார். 1997-இல் பயனியர், டெசர்ட் விண்ட் என்ற இரண்டு ரயில்களை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அதோடு லாஸ் வேகஸ் நகரத்துக்கும் ஐடஹோவின் தலைநகர் பாய்சிக்கும் வயோமிங் மாநிலம் முழுவதற்கும் பயணிகள் ரயிலே இல்லாமல் போனது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, ஆம்ட்ராக் ரயில் அங்கெல்லாம் இன்னும் திரும்பவில்லை. இத்தனைக்கும் அதற்குப் பிறகு லாஸ் வேகஸ் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்று உங்களுக்கே தெரியும்.

வாரம் மூன்று நாள் என்பது எப்படி நிரந்தரமாகிவிடும் என்பதற்கு உதாரணம் நியூ ஆர்லியன்ஸ் – லாஸ் ஏஞ்சலஸ் ஓடும் சன்செட் லிமிடெட். ஹூஸ்டன், நாட்டின் நாலாவது பெரிய நகரம், அதற்கு இருக்கும் ஒரே ஆம்ட்ராக் ரயில் அதுதான், வாரத்தில் மூன்று நாள். சின்சினாட்டிக்கு கார்டினல் என்ற ரயில், அதுவும் மூன்று நாள், வருவதும் நடுராத்திரிக்குப் பிறகு. இந்த ரயில்களில் கூட்டம் குறைவு என்று புள்ளிவிவரம் காட்டினால் யாரைக் குறை சொல்வது?

2020-இல் இதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டி வந்தது. கொரோனாவில் வருமானம் விழுந்ததும், பெரும்பாலான தொலைதூர ரயில்களை அக்டோபரில் வாரம் மூன்று நாளாக்கினார்கள், இரண்டாயிரம் பேர் அளவுக்கு ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த மார்ச்சில் காங்கிரஸ் 170 கோடி டாலர் கொடுத்து, தினசரி ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவா, ஆட்களைத் திரும்ப எடு என்றது. பணம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. அனுபவமுள்ள மெக்கானிக்குகளில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள் அல்லது வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ரயில் ஓட்டுநர் என்பவரை இன்று எடுத்து நாளை ஓட்டச் சொல்ல முடியாது, பயிற்சி முடித்துச் சான்று வாங்க வேண்டும், அதன் பிறகும் ஒவ்வொரு தடத்திலும் எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எங்கே எந்த சிக்னல் என்று தனியாகக் கற்றுத் தேற வேண்டும். யார்டில் நிறுத்திவைத்த பெட்டிகளை மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆள் இல்லாமல் அவை அப்படியே நின்றன. நியூயார்க் – மியாமி ஓடும் சில்வர் மீட்டியர் 2022 ஜனவரியில் நிறுத்தப்பட்டு அக்டோபரில்தான் திரும்பியது. மக்கள் ரயிலைத் தேடி வந்த நேரத்தில் கூட்டம் இருந்தும் பெட்டி இல்லை. ஒரு சில மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்ததற்கு இரண்டு மூன்று வருடம் விலை கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் நிதி வெட்டில் மிக மோசமானது இந்த வகைதான், ஏனென்றால் தண்டவாளத்தைக்கூடக் காசு கொடுத்துப் போட்டுவிடலாம், அந்தத் தடத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஆள் போனால் போனதுதான்.

மாநில அளவில் வெட்டு விழுந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் பக்கத்து மாநிலமே சாட்சி. இண்டியானாபொலிஸ் – சிகாகோ இடையே ஹூசியர் ஸ்டேட் என்று ஒரு ரயில் ஓடியது. கார்டினல் ஓடாத நான்கு நாளில் இது ஓடும், இரண்டும் சேர்ந்தால் தினமும் ஒரு ரயில். இண்டியானா மாநிலம் வருடத்துக்கு 30 லட்சம் டாலர் போலக் கொடுத்து வந்தது. 2019-இல் போட்ட பட்ஜெட்டில் அந்தத் தொகையை எடுத்துவிட்டார்கள், ஜூன் 30-ஆம் தேதியோடு ரயில் நின்றது. நேர்மையாகச் சொல்ல வேண்டும், மாநிலம் சொன்ன காரணத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. காரில் மூன்று மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு இந்த ரயில் ஐந்து மணி நேரம் எடுத்தது, அதனால் ஏறியவர்கள் குறைவு. ஆனால் ஏன் ஐந்து மணி நேரம்? பாதையில் பணம் போடாததால். பாதையைச் சீர்செய்யாமல் மெதுவாக ஓடவிட்டு, மெதுவாக ஓடுவதால் ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். நடுவில் இருக்கும் லஃபயெட்டை ஒட்டிய வெஸ்ட் லஃபயெட்டில் பர்டியூ பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கேயும் உங்களைப் போல நம் மாணவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இப்போது ஆம்ட்ராக் என்றால் வாரம் மூன்று நாள் வரும் கார்டினல் மட்டும்தான், மீதி நாளில் பஸ், இல்லையென்றால் யாராவது நண்பர் காரில் இடம்.

இன்னும் பெரிய தொகையில் இதே கதை ஹட்சன் ஆற்றுக்கு அடியில் நடந்தது. நியூஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்குள் ரயில் நுழைய இரண்டே குழாய்கள், 1910-இல் திறந்தவை. இன்னொரு சுரங்கம் தோண்டும் திட்டம் ஒன்று 2009-இல் தொடங்கியது, மதிப்பீடு 870 கோடி டாலர். செலவு ஏறிவிடும், மாநிலத்தால் தாங்க முடியாது என்று 2010 அக்டோபரில் அப்போதைய நியூஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அதை ரத்து செய்தார். ஏற்கெனவே வாங்கிச் செலவழித்த மத்திய அரசுப் பணத்துக்காக மாநிலம் 9.5 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. சரியாக இரண்டு வருடத்தில் சாண்டி புயல். பழைய குழாய்கள் இரண்டிலும் கடல் தண்ணீர் புகுந்தது, வடிந்த பிறகும் உப்பு கான்கிரீட்டையும் கேபிளையும் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றை மூடிச் சரிசெய்யலாம் என்றால், நெரிசல் நேரத்தில் மணிக்கு 24 ரயில் போகும் இடத்தில் 6 தான் போக முடியும். பாதி ஆகும் என்றுதானே நினைப்போம், ஆனால் மிஞ்சிய ஒரே குழாயில் இரண்டு பக்கமும் மாறி மாறி விட வேண்டும், அதனால் கால்வாசி ஆகிவிடுகிறது. இப்போது கட்டுகிற புதிய சுரங்கத் திட்டத்தின் மதிப்பு 1,600 கோடி டாலர். 2025 அக்டோபரில் மத்திய அரசு அதற்கான பணத்தையும் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. 2010-இல் மிச்சம் பிடித்ததாகச் சொன்ன பணம் எங்கே போனது என்று நியூஜெர்சியிலிருந்து தினமும் மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகும் நம் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள், அவர்கள்தான் பல வருடமாகப் பிளாட்பாரத்தில் நின்று அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆம்ட்ராக்கைத் தாண்டி ஒரே ஒரு உதாரணம், சமீபத்தியது என்பதால். பிலடெல்பியாவின் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றையும் நடத்தும் செப்டாவுக்கு 2025-இல் 21 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை. மாநில சட்டமன்றம் பணம் ஒதுக்குவதில் உடன்பாடு எட்டாமல் இழுத்தது. ஆகஸ்ட் கடைசியில் 32 பஸ் தடங்களை நிறுத்தினார்கள், கட்டணத்தை 21.5 சதவிகிதம் கூட்டுவதாகவும் புறநகர் ரயில்களைக் குறைப்பதாகவும் அறிவித்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது, கடைசியில் மாநில அரசு ஒரு வழி சொன்னது: புதிய பெட்டி வாங்க, பாதையைப் புதுப்பிக்க என்று வைத்திருந்த மூலதன நிதியிலிருந்து இரண்டு வருடத்துக்கு 39 கோடி டாலர் வரை எடுத்துத் தினசரி ஓட்டத்துக்குச் செலவழித்துக்கொள்ளலாம். நிறுத்திய பஸ்கள் திரும்ப ஓடின, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அதே வருடத்தில் அங்கே 1970-களின் நடுவில் கட்டிய சில்வர்லைனர் நான்கு என்ற பழைய மின்சாரப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்துக்கொண்டிருந்தன. பிப்ரவரியில் ஒரு ரயில் எரிந்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட பயணிகளை இறக்க வேண்டி வந்தது, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அக்டோபரில் மத்திய ரயில்வே நிர்வாகம் அவசர உத்தரவு போட்டு அந்தப் பெட்டிகள் அத்தனையையும் சோதிக்கச் சொன்னது, சோதனைக்குப் போன பெட்டிகள் போக மீதியில் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு போனது, ரயில்கள் ரத்தாயின. ஐம்பது வருடப் பெட்டிகளை மாற்ற வேண்டிய பணத்தை எடுத்து இந்த வருடத்துப் பற்றாக்குறையை அடைத்திருக்கிறார்கள். வேறு வழி இல்லாத நிலையில் செய்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த நிலைக்குத் தள்ளியவர்களுக்குத்தான் இதில் பொறுப்பு அதிகம்.

பெட்டி வயது என்பது ஆம்ட்ராக்கிலும் பெரிய கவலை. இரண்டடுக்கு சூப்பர்லைனர் பெட்டிகளில் பழையவை 1979 முதல் 1981 வரை கட்டியவை. 2025 மார்ச்சில் ஹொரைசன் வகைப் பெட்டிகளில் துருவும் அரிப்பும் கண்டுபிடித்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள், சியாட்டில் – போர்ட்லண்ட் பக்கம் பல ரயில்களுக்குப் பதில் பஸ் விட வேண்டியதாயிற்று. புதிய பெட்டி வாங்குவது ஆர்டர் கொடுத்துக் கைக்கு வர வருடங்கள் ஆகும் வேலை, அதனால் இந்த வருடம் வெட்டினால் அதன் வலி ஆறு ஏழு வருடம் கழித்து, வேறு யாரோ பதவியில் இருக்கும்போது தெரியும்.

தனியாருக்குக் கொடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 மார்ச்சில் எலான் மஸ்க் அப்படிச் சொன்ன பிறகு அந்தப் பேச்சு கூடிவிட்டது. பிரிட்டன் 1990-களில் அதைச் செய்து பார்த்தது, தண்டவாளத்தை வைத்திருந்த தனியார் கம்பெனி சில வருடத்திலேயே கவிழ்ந்தது, மானியம் ஒழியவில்லை, இப்போது 2025 மே முதல் ரயில் கம்பெனிகளை ஒவ்வொன்றாக அரசே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. ஃபுளோரிடாவில் பிரைட்லைன் என்ற தனியார் ரயில் மியாமியிலிருந்து ஆர்லாண்டோ வரை நன்றாகவே ஓடுகிறது, பயணிகளுக்குப் பிடித்திருக்கிறது, ஆனாலும் கடன் பாரம் தாங்காமல் 2025-இல் சில பத்திரங்களுக்கு வட்டி கட்டுவதைத் தள்ளிவைத்தது. தனியார் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தாலும் பொதுப் பணம் தேவைப்படும், அவ்வளவுதான்.

இப்போது உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம். நான் சொன்ன 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் காலம் 2026 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு அதே அளவு பணத்தைக் காங்கிரஸ் புதிதாக ஒதுக்கவில்லை என்றால் வெட்டு தானாகவே விழும். யாரும் எழுந்து நின்று "ரயிலுக்குப் பணம் கிடையாது" என்று சொல்ல வேண்டியதில்லை, எந்தச் செய்தித்தாளிலும் தலைப்பாக வராது. ட்ரம்ப் முதல் முறை அதிபராக இருந்தபோது தொலைதூர ரயில்களுக்கான பணத்தை நிறுத்தலாம் என்று பட்ஜெட்டில் முன்மொழிந்தார், 2005-இல் புஷ் ஆம்ட்ராக்குக்குப் பூஜ்யமே போட்டார், இரண்டையும் காங்கிரஸ் ஏற்கவில்லை. வெளிப்படையான வெட்டு என்றால் சண்டை வரும், மான்டானாவிலும் கான்சஸிலும் இருக்கும் சின்ன ஊர்க்காரர்கள் தங்கள் செனட்டர்களைப் பிடித்து உலுக்குவார்கள், அந்த செனட்டர்கள் குடியரசுக் கட்சிக்காரர்களாக இருந்தாலும் ரயிலுக்காக நிற்பார்கள். 2018-இல் சௌத்வெஸ்ட் சீஃப் என்ற தொலைதூர ரயிலின் தடத்தில், நடுவில் டாட்ஜ் சிட்டி முதல் ஆல்பகர்க்கி வரை ரயிலுக்குப் பதில் பஸ் விடலாம் என்று ஆம்ட்ராக் நிர்வாகமே யோசித்தபோது அப்படித்தான் தடுத்தார்கள். சத்தமில்லாமல் காலாவதியாகும் பணத்துக்கு அந்த மாதிரி யாரும் கூடுவதில்லை.

உங்கள் ரயில்களுக்கு வருகிறேன். இல்லினியும் சலூகியும் மாநிலப் பணத்தில் ஓடுவதால் வாஷிங்டன் சண்டையில் நேரடியாகச் சிக்காது. இல்லினாய் இந்த விஷயத்தில் நல்ல மாநிலம், 2006-இல் அவர்களே முடிவெடுத்துச் சேர்த்ததுதான் சலூகி, அதன் பிறகு அந்தத் தடத்தில் பயணிகள் நன்றாகக் கூடினார்கள். ஆனால் 2015-இல் ஆளுநர் புரூஸ் ரவுனர் ஆம்ட்ராக் பணத்தை 4.2 கோடி டாலரிலிருந்து 2.6 கோடியாகக் குறைக்கப் பார்த்தார், மேயர்களும் பல்கலைக்கழக ஊர்களும் கூச்சல் போட்டுத்தான் அது நின்றது. அந்த மாதிரி இன்னொரு வருடம் வராது என்று சொல்ல முடியாது. இரவு ரயில்தான் எனக்குக் கவலை. அது மத்திய அரசுப் பணம், பழைய பெட்டிகள், மெம்பிஸும் ஜாக்சனும் போன்ற ஊர்களுக்கு இருக்கும் ஒரே ரயில். அது வாரம் மூன்று நாள் ஆனால் சாம்பெய்னில் உங்களுக்கு அதிகாலை சிகாகோ ரயில் நாலு நாள் இருக்காது, காலையில் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் முந்தின நாளே போய்த் தங்க வேண்டும்.

வெட்டு வருகிறதா என்று தெரிந்துகொள்ள அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். ரயிலில் பெட்டி எண்ணிக்கை குறைகிறதா, வெள்ளிக்கிழமை டிக்கெட் முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறதா, "பெட்டி கிடைக்காததால் ரத்து" என்று செய்தி வருகிறதா, ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டர் நேரம் சுருங்குகிறதா, இவற்றைப் பாருங்கள். மாநில பட்ஜெட் வழக்கமாக மே 31-க்குள் நிறைவேறும், ஜூலை 1-இல் நிதியாண்டு தொடங்கும், அதனால் ஏப்ரல், மே மாதத்தில் உங்கள் தொகுதி மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போட்டால் அதற்குப் பயன் உண்டு. ஓட்டு இல்லாத மாணவர் விசாக்காரர்களும் எழுதலாம், தொகுதியில் குடியிருந்தால் போதும். எந்த ரயிலில், எதற்காக, எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறீர்கள் என்பதை அதில் எழுதுங்கள், அதுதான் அவர்களிடம் இல்லாத தகவல்.